உரசாமல் ஓடும் கார்

அனுப்புநர்
சு. திருநாவுக்கரசு,
முதுநிலை வரைவாளர்,
ஊழியர் குடியிருப்பு, கல்பாக்கம்.

பெறுநர்
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: எதிர்வீட்டு திரு. தேவசகாயம் தமது சிறிய காரில் பெரிய அலாய் வீல்கள் பொருத்தியிருப்பதும், அவை எங்கும் உரசாமல் ஓடுவதும் – நேரில் சோதனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி முகவரியில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இதுவரை யார் மீதும் புகார் எழுதியவன் அல்லன். திரு. தேவசகாயம் எங்கள் பிரிவிலேயே எனக்குக் கீழே டெக்னீஷியனாகப் பணிபுரிகிறார். 2004ஆம் ஆண்டு இருவரும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரிக் கார் வாங்கினோம். என்னுடையது வெள்ளை, அவருடையது சிவப்பு. இரண்டுக்கும் கம்பெனி கொடுத்தது பன்னிரண்டு அங்குலச் சக்கரம்.

2. கடந்த பிப்ரவரியில் பதினான்கு அங்குல அலாய் வீல் முதலில் போட்டவன் நான்தான். இதைத் தாங்கள் தனியே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். குடியிருப்பில் இப்போது வேறுவிதமாகப் பேசுகிறார்கள். வாங்குமுன் மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை வெர்னியர் கொண்டு பதினாறு இடங்களில் அளந்து, வரைபடம் போட்டு, தேதியிட்டுக் கையெழுத்தும் இட்டேன். வரைபடத்தின்படி உரசக்கூடாது. ஆனால் வண்டி உரசியது. வளைவில் உரசியது, வேகத்தடையில் உரசியது, சதுரங்கப்பட்டினம் சாலையில் வீட்டார் மூவரும் ஏறிச் சென்றபோது வழிநெடுக உரசியது.

3. ஏப்ரலில் அவரும் அதே அளவு வீல் போட்டார். அவர் வண்டி உரசவில்லை. வாகன நிறுத்தத்தில் ஆறேழு பேர் நிற்கையில் அவர் என்னிடம் சொன்னதை உள்ளபடியே தருகிறேன்: "இன்னா சார், வெறும் வண்டிய நிக்க வெச்சி அளந்தா இன்னா தெரியும்? நாலு பேர உள்ள குந்த வெச்சி, ஸ்டீரிங்க முழுசா ஒட்ச்சிப் பார்த்தீங்களா? டயர்லயும் ஒரு விசயம் கீது, சொல்றேன் வாங்க." அனைவரும் சிரித்தார்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்று கூறி வீட்டுக்குள் சென்றுவிட்டேன். தெரியாது என்பதே உண்மை.

4. அவருடைய டயர் சற்றே மெலிந்திருப்பதாகத் தோன்றுகிறது. ஒருநாள் ஸ்கேலுடன் குனிந்து பார்க்கையில் அவர் மனைவி மேரி ஜன்னலிலிருந்து, "அண்ணே, எதுனா வுழுந்துச்சா?" என்று கேட்டபடியால் ஆய்வு முழுமை பெறவில்லை.

5. என் மகள் ஹரிப்ரியாவுக்கு மூன்றாண்டுகளாக வரன் அமையவில்லை. கடந்த மே மாதம் திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் மாலை சாத்தி, அந்த மாலையைக் கழுத்தில் அணிந்து ஒன்பது முறை வலம்வரப் புறப்பட்டோம். மாமல்லபுரம் தாண்டியதும் உரசி உரசி முன்பக்க டயர் கிழிந்தது. ஸ்டெப்னி பழைய சிறிய சக்கரம். மாட்டினால் வண்டி ஒருபக்கம் சாய்கிறது. நடை சாத்தும் நேரம் நெருங்கியது. அப்போது அந்தச் சிவப்புக் கார் வந்து நின்றது. அவருக்கு அன்று கோவளத்தில் உறவினர் வீட்டு விசேஷம். அதை விட்டுவிட்டு என் மனைவியையும் மகளையும் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நான் சாய்ந்த வண்டியை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஒன்பது சுற்றும் முடிந்திருந்தது. எனக்கும் சேர்த்து இளநீர் வாங்கி வைத்திருந்தார். குடித்தேன்.

6. இருபதாவது நாள் வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை தங்கமானவர், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் என் மனைவி லதா, "அந்தக் கார்ல போனப்புறந்தான் எல்லாம் நடந்துது, அது ராசியான வண்டி, பொண்ணு அதுலதான் மண்டபத்துக்குப் போகணும்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். மகளும் தலையாட்டிவிட்டாள். பூ அலங்காரத்துக்கு ஆள் சொல்லியாயிற்று. தேவசகாயம் காரை இரண்டு முறை கழுவிவிட்டார்.

7. ஐயா, எனக்குப் பொறாமை. இதை எழுதினால் மனு தள்ளுபடியாகும் என்று தெரிந்தே எழுதுகிறேன். அவருடைய வீலைக் கண்டு வந்த பொறாமை ஆறிவிடும். என் பெண் கல்யாணப் புடவையில் அவருடைய வண்டியிலிருந்து இறங்குவதை, நான் பின்னால் உரசும் காரில் வந்து பார்க்க வேண்டும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அவளை எல்.கே.ஜி.யில் விட்டதிலிருந்து எங்கே போனாலும் கொண்டுபோய் இறக்கியவன் நான்.

ஆகவே தாங்கள் இரு கார்களையும் ஒரே நாளில் அழைத்து, நால்வரை அமரவைத்துச் சோதித்து, அவருடைய வீல்கள் சட்டப்படி செல்லாதவையெனில் கழற்ற உத்தரவிட வேண்டுகிறேன். என்னுடையவற்றையும் கழற்றலாம், ஆட்சேபணை இல்லை.

செல்லுமெனில், எப்படி உரசாமல் பொருத்தினார் என்பதை அவரிடம் எழுத்துமூலம் கேட்டு, எனக்கு ஒரு நகல் அனுப்பக் கோருகிறேன். தாங்கள் கேட்டால் அவர் சொல்லுவார். நான் கேட்டாலும் உடனே சொல்லுவார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து தானே செய்தும் கொடுப்பார். அதனால்தான் ஐயா என்னால் கேட்க முடியவில்லை.

திருமணம் இம்மாதம் 30ஆம் தேதி. அதற்குள் நகல் கிடைத்தால் என் மகளை நானே அழைத்துச் செல்வேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) சு. திருநாவுக்கரசு

இடம்: கல்பாக்கம்
நாள்: 14.08.2006