ஒரு குவளை பீர் முடிவதற்குள்

பெவர்வைக்,
1655 செப்டம்பர் 9

அன்புள்ள யோஸ்ட் அண்ணாவுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலமா? நான் நாலு கடிதம் போட்டால் நீ ஒன்று போடுகிறாய். சம்மட்டி தூக்குகிற கைக்கு இறகுப்பேனா கனக்கிறதோ?

கடல் தாண்டி வந்த இந்தப் புது நாட்டில் இந்த ஆண்டு பீவர் தோல் வியாபாரம் முடிந்துவிட்டது. ஆண்களுக்கு இனி வேலை இல்லை, வம்புதான். தெருவில் மட்டையால் பந்தடித்து மூன்று வீட்டுச் சன்னல் கண்ணாடி போயிற்று. அதற்குத் தடை வந்துவிட்டது. கயிற்றில் தொங்கும் வாத்தின் கழுத்தைக் குதிரைமேல் பாய்ந்து இழுக்கும் ஆட்டத்துக்கும் தடை. மிச்சம் இருப்பது மதுக்கடையும், ஆறு உறைந்தால் அதன் மேல் சறுக்குவதும்தான். என் வீட்டுக்காரர் மதுக்கடையில் உட்கார்ந்து பருப்பதைவிட ஆற்றில் ஓடட்டும் என்று நினைக்கிறேன். அவர் காலில் கட்டும் சறுக்குக் கட்டைகளின் இரும்பு துருப்பிடித்துத் தேய்ந்துவிட்டது. உன் பட்டறையில் ஒரு ஜோடி நல்லதாக அடித்து அனுப்பேன். ஹார்மன் கேட்கக் கூச்சப்படுகிறார், நான்தான் கேட்கிறேன்.

உன் பாசமுள்ள தங்கை,
லைஸ்பெட்


ஹார்லெம்,
1656 மார்ச் 20

அருமை வாயாடிக்கு,

உன் கடிதம் குளிர்காலத்தில் வந்தது. சறுக்குக் கட்டைகள் தயார். இப்படி ஒரு ஜோடியை இந்த ஊர் மேயருக்குக்கூட நான் அடித்துக் கொடுத்ததில்லை. முனை சுருண்டு, அலகு நீண்டு, உள்ளே ஹார்மன் பெயரையும் செதுக்கியிருக்கிறேன். அடுத்த வாரம் கிளம்பும் கப்பலில் வருகிறது.

கூடவே அவனுக்குத் தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். நீ படிக்காதே என்றால் முதலில் படிப்பாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்: "மச்சான், உன் கல்யாணத்துக்கு மறுநாள் கால்வாயில் என்னைத் தோற்கடித்த கால் இன்னும் இருக்கா, தொந்திக்கு அடியில காணாமப் போச்சா? கடையில ஒருத்தன் ஒரு குவளை பீர் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள உன் ஆத்துல அக்கரை போய்த் திரும்பி வா பார்க்கலாம். வந்தா நீ ஆம்பிளை. ஜெயிச்சியான்னு எழுது."

அப்பாவின் கணக்கை அவனுக்கு நினைவுபடுத்து. உறைந்த பனி நாலு விரல் கனம் இருந்தால் ஆளைத் தாங்கும், ஒரு சாண் குதிரையைத் தாங்கும். அப்பா அறுபது வருஷம் பனியில் நடந்தவர், ஒரு தடவைகூடக் கால் நனையவில்லை.

அண்ணன்,
யோஸ்ட்


பெவர்வைக்,
1656 ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

சறுக்குக் கட்டைகளை அனுப்பாதே. அடித்திருந்தால் வேறு யாருக்காவது கொடுத்துவிடு. என்னைப் பைத்தியம் என்று சிரிக்காமல் முழுதும் படி.

பிப்ரவரியில் மதுக்கடைக்காரர் பீப்பாய்கள் ஏற்றிய குதிரை வண்டியைப் பனிமேல் ஓட்டி வந்தார். அன்று காலைதான் ஹார்மனும் அவரும் துளையிட்டு அளந்தார்கள், ஒரு சாணுக்கு மேலேயே இருந்தது. நடு ஆற்றைச் சுகமாகக் கடந்த வண்டி, எங்கள் கரைக்கு வந்து ஏறப் போகும் இடத்தில் உள்ளே போய்விட்டது. அவர் குதித்துத் தப்பினார். குதிரை தப்பவில்லை. அது கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சோளம் கொண்டுவரும் மஹிகன் பெண் ஒருத்தி உண்டு, இந்த மண்ணின் பூர்வகுடி. அவள் பெயர் எங்கள் நாக்கில் வராததால் காத்ரின் என்று கூப்பிடுகிறோம். அன்று அவள் அக்கரையில் மூட்டையோடு உட்கார்ந்தே இருந்தாள், சாயங்காலம்தான் வந்தாள். ஏன் என்று கேட்டேன். "நீங்க பனியைப் பார்க்கிறீங்க, நான் கரையைப் பார்க்கிறேன். அடியில தண்ணி தினம் ரெண்டு தடவை ஏறி இறங்குதே, மேல இருக்கிறது சும்மா இருக்குமா?" என்றாள்.

இந்த ஆற்றில் கடல் ஓதம் இவ்வளவு தூரம் ஏறி வருவது எங்களுக்குத் தெரியாததல்ல. கோடையில் அதைப் பார்த்துத்தான் படகை எடுக்கிறோம். பனி மூடிவிட்டால் அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டோம், ஏனென்றால் நம் ஊர்க் கால்வாய்த் தண்ணீர் மதகுக்குள் அடங்கிக் கிடக்கும். இங்கே பனி மொத்தமாக மேலே எழும்புகிறது, கரையோரம் மட்டும் நொறுங்குகிறது. அதன்மேல் புதுப்பனி விழுந்து மறைத்துவிடுகிறது. அப்பாவின் கணக்கு இங்கே செல்லாது, அண்ணா.

ஹார்மனிடம் சொன்னேன். "பனியைப் பத்தி ஹாலந்துக்காரனுக்கே பாடமா?" என்று சிரிக்கிறார். கடலுக்கு இந்தப் பக்கம் எனக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான். பயமாக இருக்கிறது.

உன் தங்கை,
லைஸ்பெட்


ஹார்லெம்,
1656 ஆகஸ்ட் 17

அருமைத் தங்கைக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்தபோது என் கப்பல் போய் நாலு மாதம் ஆகிவிட்டது. இப்போது அந்தக் கட்டைகள் உன் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். கடலைத் திரும்பிப் போ என்று சொல்ல எனக்கு வல்லமை இல்லை.

ஆனால் இவ்வளவு பயம் எதற்கு? தண்ணீர் எங்கேயும் தண்ணீர்தான். மதுக்கடைக்காரன் குடித்துவிட்டு ஓட்டியிருப்பான். பந்து கூடாது, வாத்து கூடாது, இப்போது பனியும் கூடாதென்றால் அவன் மனிதனா, அடுப்படிப் பூனையா? விடு, ஓடட்டும். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் பந்தயத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன். "உங்க மச்சான் ஜெயிச்சாரா?" என்று தினமும் கேட்கிறார்கள்.

அண்ணன்,
யோஸ்ட்


பெவர்வைக்,
1657 பிப்ரவரி 18

யோஸ்ட் அண்ணாவுக்கு,

கட்டைகள் வந்த அன்றே மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளித்தேன். ஆனால் உன் சீட்டு அவர் கைக்கு நேராகப் போய்விட்டது. அதை மதுக்கடையில் உரக்கப் படித்திருக்கிறார். அதற்குப் பிறகு ஊரே என் வீட்டில் அந்தக் கட்டைகளைத் தேடியது.

நோன்புக்கு முந்தைய கொண்டாட்ட நாளில், போன செவ்வாய்க்கிழமை, உச்சிமணிக்குப் பந்தயம் வைத்தார்கள். முந்தின நாளே அளந்துவிட்டு வந்தார். "ஒரு சாண் இருக்குடி! உங்கப்பா இருந்தா அவரே ஆடியிருப்பார்" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். பந்தயத்தன்று கரையில் நான் அவர் சட்டையைப் பிடித்தேன். இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்காதே என்றார்.

காத்ரின் கரையில் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "இப்ப வேணாம், தண்ணி ஏறுது. சாயங்காலம் ஓடச் சொல்லு" என்றாள். "இவ நமக்குப் பனியைப் பத்திக் கத்துக் கொடுக்கிறா பாரு!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மணி அடித்ததும் மதுக்கடைக்காரர் குவளையை வாயில் வைத்தார். ஹார்மன் போன வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அக்கரையைத் தொட்டுத் திரும்பினார். நான்கூடக் கத்தினேன் அண்ணா, வா வா என்று கைதட்டினேன். அதை நினைத்தால் என் கைகளை வெட்டிப் போடலாம் போல் இருக்கிறது. கரைக்கு மூன்று ஆள் நீளம் இருக்கும்போது என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். தொப்பி பனிமேல் கிடந்தது. அவர் இல்லை.

கோலும் கயிறும் போட்டுப் பார்த்தார்கள். காத்ரின்தான் வயிற்றால் ஊர்ந்து விளிம்புவரை போனாள். நீரோட்டம் அடியில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆறு மறுபடி மூடிவிட்டது. உருகினால்தான் கிடைப்பார்.

உன்னைத் திட்ட எத்தனையோ வார்த்தை வைத்திருந்தேன், எழுத வரவில்லை. கட்டைகளைக் கேட்டவள் நான். இனி எனக்கு எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

பனி உடைந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதல் படகு இறங்கும். அதுவரைக்கும் உன் பட்டறையில் ஹார்மன் உயிரோடுதான் இருப்பார். இன்னும் நாலைந்து மாதம். அதற்காக உன்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஜெயித்தாரா என்று கேட்கிறவர்களிடம் சொல். அவர் மூழ்கியபோது குவளையில் பாதி மிச்சம் இருந்தது.

ஹார்மனின் மனைவி,
லைஸ்பெட்