செல்லக்கனி அக்கா வீட்டு டீ

வியாழன் இரவு, செம்பூர்.

இன்னும் கோபம் அடங்கவில்லை. நானா தீட்டுப் பார்ப்பவன்?

இலங்கை ஹட்டனிலிருந்து மிஷனரியாக இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்று தாராவியில் செல்லக்கனி அக்கா தண்ணீர்க் குடங்களோடு ஏணியில் ஏற முடியாமல் நின்றார். நானும் என்னோடு ஊழியம் செய்யும் தெலுங்குப் பையன் ராஜுவும் எட்டுக் குடத்தையும் மாடிக்குத் தூக்கிக் கொடுத்தோம். அவர் டீ போட்டு நீட்டினார்.

"வேண்டாம்க்கா. நாங்க மார்மன் கிறிஸ்தவங்க. எங்க மதத்துல டீ குடிக்க மாட்டோம்."

அவர் முகம் சுருங்கியது. "டீ குடிக்காத மதமா? கத விடாதிய. ஊர்லதான் எங்களுக்குத் தனி கிளாஸு. பம்பாய்க்கு வந்தும் எங்க கை பட்டா எறங்காதோ?"

என் அம்மா இன்றைக்கும் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிறாள். எங்கள் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு என்னைச் சேர்த்துவிட்டாரே! ராஜுவுக்குத் தமிழ் புரியாது, சிரித்துக்கொண்டு நின்றான். அதுவும் எரிச்சல்.

"தண்ணி தாங்க," என்றேன். அவர் பேப்பர் கப்பைத் தேடினார். நான் அவருடைய செம்பையே எடுத்து, குடத்தில் மொண்டு, வாய் வைத்து மடமடவென்று குடித்தேன். சட்டையெல்லாம் நனைந்தது.

அக்கா டீ கிளாஸை ஓரமாக வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "சரி தம்பி. டீதான ஆகாது? ஞாயித்துக்கெழம வாங்க, நல்ல காப்பியாப் போட்டுத் தாரேன்."

காப்பியும் கூடாது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.