நல்ல பெண்ணின் இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் குட்டிப்பாப்பாவும் நலமா? பாப்பா ஓயாமல் வீறிடுகிறாள், பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு தொண்டை ஆகாது" எனச் சொல்லிவிட்டுப் போனார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் மூன்றாம் வகுப்புக்கு ஒரு குறையும் இல்லை. மின்விசிறி இன்னும் கடகடவென்றுதான் சுற்றுகிறது. வாய்ப்பாடு எட்டு வரை வந்துவிட்டது. விடுப்பு முடிந்து அடுத்த வாரம் நீங்கள் வந்ததும் நான் கிளம்பிவிடுவேன். தற்காலிக டீச்சருக்கு வழியனுப்பு விழா கிடையாது. போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை எழுதிவிட வேண்டும். நேரில் பேசினால் கத்திவிடுவேன்.

நடு பெஞ்சில் வாலு, மொட்டை என்கிற அந்த இரண்டு பையன்களுக்கு நடுவே ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டுப் போனீர்களே, அவளைப் பற்றித்தான். முதல் வகுப்பிலிருந்து இந்தப் பிள்ளைகளோடு நீங்களும் மேலே வந்தீர்கள். அவளும் அதே இடத்தில் மேலே வந்தாள். நான் சேர்ந்த அன்று, "அந்த எடத்த மட்டும் மாத்திடாத, அவ உக்காந்தாத்தான் ரெண்டு பயலும் அடங்குவானுங்க" என்று என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். பையன்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் தெரியுமா? செவுரு. அவள் தலைக்கு மேலே ரப்பர் பறக்கும், ஸ்கேல் பறக்கும். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள். கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டாள். நோட்டில் பென்சிலால் மெல்லிசாகக் கிறுக்கி வைத்துக்கொண்டு, வேறு யாராவது சொன்ன பிறகே அழுத்தி எழுதுவாள்.

போன மாதம் ஐஸ் குச்சியில் பாலம் கட்டச் சொன்னேன். இரண்டு பெஞ்சுக்கு நடுவே பாலத்தை வைத்து, அது உடையும்வரை நோட்டுகளை அடுக்க வேண்டும். ஏன் உடைந்தது என்று சொல்பவருக்குத்தான் நட்சத்திரம். பையன்களுக்குக் கொண்டாட்டம். மொட்டை தன் புத்தகப் பையையே தூக்கி வைத்தான். பெண்கள் பாலத்துக்கு வண்ணம் பூசினார்கள், இரண்டு நோட்டு வைத்தார்கள், "போதும் டீச்சர், அழகா இருக்கு" என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். எட்டு வயதில் இதை யார் சொல்லிக்கொடுத்தது? நாம்தான். பையன் தப்பாகச் சொன்னால் "மறுபடி யோசிடா" என்கிறோம். பெண் தயங்கினால் "பரவால்ல, உக்காரும்மா" என்று விடையை நாமே சொல்லிவிடுகிறோம். அதற்குப் பாசம் என்று பெயர் வேறு.

அவள் மூன்றாவது நோட்டோடு நிறுத்தினாள். உடைஞ்சிடும் டீச்சர் என்றாள். உடையட்டும் என்றேன். திட்டுவீங்களா என்றாள். மாட்டேன் என்றேன். நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக வைத்தாள். உதவிக்குப் போகாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். பாலம் படாரென்று விழுந்தது. விழுந்த குச்சிகளைப் பொறுக்கிப் பார்த்தாள். பிறகு வகுப்பே கேட்க, "நடுவுல ஒத்தக் குச்சிதான் டீச்சர் வெச்சேன், அதான். நாளைக்கு மூணு வெச்சுப் பாக்குறேன்!" என்று கத்தினாள். அந்தக் குரலை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

மறுநாள் அவளை ஜன்னலோரம் மாற்றினேன். பொய் சொல்ல மாட்டேன், நடு பெஞ்சு ரணகளமானது. வாலு மொட்டையின் காதைக் கடித்துவிட்டான். சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியர், "நல்லா இருந்தத ஏம்மா கெடுக்குறீங்க? பழையபடி அவள நடுவுல உக்கார வைங்க" என்றார். அவள் எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "நான் அங்க போக மாட்டேன் சார். ரெண்டு பேரும் கைய இடிச்சுக்கிட்டே இருக்காங்க. எழுத முடியல" என்றாள். அவ்வளவுதான். எதிர்த்துப் பேசுகிறாள் என்று அம்மாவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்.

அம்மா தையல் ஆலையில் வேலை செய்பவர். தோளெல்லாம் நூலோடு ஓடி வந்தார். வந்ததும் மகளைத்தான் பிடித்தார்: "உனக்கு எதுக்குடி இந்த வாய்?" விஷயத்தைக் கேட்ட பிறகு குரல் இறங்கியது. "இத்தன வருஷமா இடிச்சானுங்களா? ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?" என்றார். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரேங்க் கார்டுல நல்ல பொண்ணுன்னு போட்டிருந்தாங்கல்லம்மா."

கார்டில் இருப்பது உங்கள் கையெழுத்து, அக்கா. ஒரே ஆளாக நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாடு எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் கேட்கிறேன். பையன்களை அடக்க நமக்குச் சம்பளம் தருகிறார்கள். அவளுக்கு என்ன தந்தார்கள்?

அம்மா மகளின் முழங்கையைத் தடவிப் பார்த்தார். "அவ ஜன்னல்கிட்டயே இருக்கட்டும் சார்" என்றார், கெஞ்சாமல். தலைமையாசிரியர் என்னைப் பார்த்து, "நிரந்தர டீச்சர் வந்து முடிவு பண்ணட்டும்" என்று எழுந்துகொண்டார். தற்காலிகத்தின் பேச்சு அவருக்குப் பேச்சில்லை.

ஆக, முடிவு உங்கள் கையில். அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. "பழைய டீச்சர் வந்தா நான் எங்க உக்காரணும்?" என்று தினமும் கேட்கிறாள். புதுப் பாலம் கட்டியிருக்கிறாள், நடுவில் மூன்று குச்சி. இன்னும் பாரம் ஏற்றவில்லை. "அவங்க முன்னாடி உடைச்சா கோச்சுப்பாங்களா?" என்றாள். உங்களிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன். பாலம் அலமாரி மேல் இருக்கிறது. நோட்டுகளைப் பக்கத்திலேயே அடுக்கி வைத்துவிட்டுப் போகிறேன்.

பாப்பா அழட்டும் அக்கா. கதவைத் தட்டுகிறவர்கள் தட்டட்டும். எட்டு வயதிலும் அவள் தொண்டை இப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் ஒரு வாரம் உங்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்
தங்கை