கடைசி ரீலில் அம்மன்

5.8.81, புதன்

ஆடிக் காற்று. காலையில் சைக்கிளை முன்னால் மிதித்தால் பின்னால் போகிறது. கண், காது, சோற்று டப்பா எல்லாவற்றிலும் மண்.

செய்ய வேண்டியவை:
— செருப்பு வார் தைக்க
— மல்லிகாவின் ரவிக்கை, தையற்காரரிடம் (மூன்றாம் தடவை)
— பென்னலூர் வீட்டுக்காரர்

மூன்றாவது மட்டும் நடந்தது. நடந்தும் புண்ணியமில்லை. "கம்பெனில பர்மனென்ட் ஆன லெட்டர காட்டு, சாவிய எடுத்துக்கினு போ. பதினஞ்சாம் தேதி வரிக்கும் பாக்கறேன். அப்பறம் வேற ஆளுக்கு வுட்டுடுவேன்" என்கிறார். ப்ரொபேஷன் இரண்டு வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. லெட்டர் டைப் ஆகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்று ஆபீஸ் பியூன் சொன்னான். அதுவரை பிள்ளைப்பாக்கத்தில் மச்சான் வீடுதான். மல்லிகாவின் அண்ணன். நல்லவர். ஆனால் நான் இரண்டாம் முறை சோறு வாங்கும்போதெல்லாம் அவருக்குத் தொண்டையைச் செரும வேண்டியிருக்கிறது.

கம்பெனியில் எவன் வாயைத் திறந்தாலும் டெண்ட் கொட்டகைப் படம்தான். துப்பறியும் படம், ஆனால் சிரிப்புப் படம். பிணம் தும்முகிறதாம். துப்பறிகிறவன் நம்மைப் பார்த்து, "செத்தவர் தும்மக் கூடாது. மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லை, கண்டுக்காதீங்க" என்கிறானாம். லேத்தில் பக்கத்து மெஷின் ஏகாம்பரம் அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லி கடைந்துகொண்டிருந்த ஒரு ஜாப்பைக் கெடுத்தார்.

மல்லிகாவிடம் சொன்னேன். போகலாமா என்றாள். இரண்டு வருடத்தில் அவளாக ஒன்று கேட்டது இதுதான்.

6.8, வியாழன்

வெள்ளியோடு படம் கடைசி. இன்றும் நாளையும் எனக்கு ஓ.டி., எட்டு மணி வரை. படம் ஆறரைக்கு. இரண்டாம் ஆட்டம் போனால் மச்சான் கதவு திறக்க மாட்டார்.

சூப்பர்வைசர் வரதனிடம் ஓ.டி. வேண்டாம் என்று கேட்டேன். அவர் சாப்பாட்டுப் பையில் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். அதில் விரலை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "லெட்டர் வர்ற நேரத்துல இப்படி எல்லாம் கேக்கலாமாப்பா?" கேட்கக் கூடாதுதான்.

ஏகாம்பரம் அண்ணன் சொன்னது: "நீ அஞ்சரைக்குப் பின்வேலி வழியா பூடு. கார்ட நான் எட்டு மணிக்கு அடிச்சிடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

8.8, சனி, காலை

நேற்றைய கதை. எழுதி வைக்காவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

ஐந்தரைக்கு வேலி தாண்டினேன். அளவு பார்க்கும் மைக்ரோமீட்டர் மட்டும் கையில் இருந்தது. ஸ்டோரில் நம் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கொடுத்தால்தான் அதைத் தருவார்கள். திருப்பிக் கொடுத்து டோக்கனை வாங்க வேண்டும். ஏகாம்பரம் அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். மல்லிகா கொட்டகை வாசலில் பூ வைத்துக்கொண்டு நின்றாள்.

படம். எப்படிச் சொல்வது. மற்ற துப்பறியும் படத்தில் எல்லாரும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நம்மை ஏமாற்றுவார்கள். இதில் துப்பறிகிற ஆள் குடையோடு வந்து நம்மைப் பார்த்து, "இந்த இடத்துல ஒரு பாட்டு இருக்கு. பொணம் காத்துக்கிட்டிருக்கு, அதனால வேணாம்னுட்டேன்" என்கிறான். கதவுக்குப் பின்னால் யாரோ ஒளிந்திருக்க, "அது நடிகர் இல்லை, லைட் பிடிக்கிறவர், வெளியே வாங்க" என்கிறான். அவரும் வருகிறார். டெண்டே உருள்கிறது. இது பொய் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பொய் சொல்கிறவனை நம்பலாம் போலிருக்கிறது. மல்லிகா சிரித்தாள். மணலைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் இந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

கடைசி ரீல். ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போது விளக்கு போடுவார்கள். யார் கொலைகாரன் என்று பந்தயம் நடக்கிறது. விளக்கு அணைந்தது. துப்பறிகிறவன் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து விரலை நீட்டியதோடு போன ரீல் முடிந்திருந்தது. இப்போது திரையில் அம்மன். சூலம், தீச்சட்டி, உடுக்கை.

இரண்டாம் ஆட்டத்துக்கு ஆடி வெள்ளி என்று அம்மன் படம் வந்திருக்கிறது. ஆபரேட்டர் ஃபிலிம் பெட்டியை மாற்றி எடுத்துவிட்டார். ஆனால் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. இதுவும் அந்த ஆளின் குறும்பு என்று விசிலடித்தார்கள். அம்மன் ஒரு ராஜாவைக் குத்தப் போகிறாள், "அவன்தாண்டா கொலைகாரன்" என்கிறது ஒரு குரல். உடுக்கைச் சத்தம் ஏற ஏறப் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்திக்குச் சாமி வந்துவிட்டது. தலைமுடி அவிழ்ந்து ஆடுகிறாள். சிரிப்பு அடங்கியது. யாரோ திரைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். திரையில் 'வணக்கம்' போட்டதும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டோம்.

கொலைகாரன் யார் என்று தெரியாது. மல்லிகா வழியெல்லாம், "அதுவும் நல்லாத்தான் கீது மாமா. தெரிஞ்சா இன்னா, போலீஸ் வரும், அவ்ளோதான்" என்றாள்.

8.8, இரவு

மைக்ரோமீட்டர் காணோம்.

காலையில் ஸ்டோரில் என் டோக்கன் ஆணியிலேயே தொங்குகிறது. பொருள் இல்லை. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டோர்காரர் டீ குடிக்கப் போயிருந்தாராம். இவர் ஜன்னல் பலகையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். கார்டு மட்டும் மறக்காமல் எட்டு மணிக்கு அடித்தார்.

எட்டு மணி வரை நான் உள்ளே இருந்ததாகக் கார்டு சொல்கிறது. பொருள் என் பேரில். அப்படியென்றால் திருடன் நான்.

9.8, ஞாயிறு

தூக்கமில்லை. தையற்காரர் கடை பூட்டு.

ஏகாம்பரம் அண்ணன் சைக்கிளில் வந்தார். பூவரச மரத்தடியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. ஒன்பது வருட சர்வீஸ், மூன்று பெண் பிள்ளைகள். அடுத்தவன் கார்டு அடித்தால் அன்றைக்கே சீட்டு கிழியும், போன வருடம் ஒருவருக்குக் கிழிந்தது.

"நான் போயி சொல்லிட்டுமா?"

"வேணாம்ணே. இருங்க."

"இன்னா சொல்லுவ நீ?"

தெரியவில்லை என்றேன். வேலி வழி போக அவர்தான் யோசனை கொடுத்தார். ஜன்னலில் வைத்ததும் அவர்தான். கோபம் வருகிறது. அவர் முகத்தைப் பார்த்தால் போய்விடுகிறது. பிறகு என்மேல் வருகிறது.

மல்லிகாவிடம் சொல்லவில்லை. அவள் பிணம் தும்முவதை அண்ணிக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

10.8, திங்கள்

வரதன் கூப்பிட்டார். மேஜைமேல் கார்டு, டோக்கன், நோட்டு. நோட்டில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறார். தலைப்பில் முனுசாமி என்று என் பெயர், கீழே கோடு.

"மைக்ரோமீட்டர் எங்கப்பா?"

திருடன் என்ற பேரை விட ஓடிப்போனவன் என்ற பேர் மேல் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். நான் அஞ்சரைக்கே போயிட்டேன் சார், படத்துக்குப் போனேன் சார்.

அவர் முகம் மலர்ந்தது. "அந்தப் படமா? காஞ்சிபுரத்துல ரெண்டு வாட்டி பார்த்தேன். கடைசி வரைக்கும் இருந்தியா?"

"இருந்தேன் சார்."

"அப்ப கொலைகாரன் யாரு, சொல்லு."

"தெரியாது சார். கடைசில அம்மன் வந்துட்டா."

"யாரு வந்தா?"

"அம்மன், சார். சூலத்தோட. ஒரு பொம்பளைக்கு சாமி வந்திருச்சு."

பேனாவைத் திறந்து நோட்டில் எழுதினார். என்ன எழுதினார் என்று தலைகீழாகப் படித்தேன்: "பொய். படம் பார்க்கவில்லை." ஆக நான் எங்கும் போகவில்லை, கார்டு சரி, நான் திருடன். உண்மையைச் சொன்னவனுக்கு இந்தக் கம்பெனியில் இதுதான் மரியாதை.

செருப்பு வார் முழுக்க அறுந்தது. வெறுங்காலோடு சைக்கிள்.

11.8, செவ்வாய்

சாட்சி வேண்டும். அரை நாள் லீவு போட்டேன், அதற்கும் முறைத்தார்கள்.

1. டிக்கெட் கிழிப்பவர். அன்றைக்கு நான் வந்தது ஞாபகமில்லை என்கிறார். "ஆடி வெள்ளில எவ்ளோ கூட்டம், மூஞ்சியா பாத்துகினு இருப்பாங்க?"

2. சாமி வந்த பெண். வல்லம் பக்கம். சாமி வந்தபோது யார் இருந்தார்கள் என்று அவளைக் கேட்டால் என்ன சொல்வாள். கேட்டேன். கணவர் அடிக்க வந்தார்.

3. ஆபரேட்டர். கையைப் பிடித்துக்கொண்டார். "பாதிலயே தெரிஞ்சிபோச்சு தம்பி. சாமி ஆடிகினு கீறாங்க, மெஷின நிறுத்தினா கொட்டாயவே கொளுத்திடுவாங்க. அப்படியே ஓட்டிட்டேன். ஓனருக்குத் தெரிஞ்சா என்னைத் தொரத்திடுவாரு. எழுதிக் குடுன்னு மட்டும் கேக்காத." அப்புறம் மெதுவாக, "ஜனங்களுக்குப் புடிச்சிப் போச்சுபா. அந்தக் கடைசிய மறுபடி போடச் சொல்றாங்க" என்றார். பெருமை வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சிரிப்புத்தான். அங்கே பிணத்துக்குத் தும்மல் வரும், எழுந்து சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

12.8, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று மணி டீ. வரதன் எங்கள் லைன் முழுவதையும் கேண்டீனில் உட்கார வைத்தார். வட்டமாக. படத்தில் அப்படித்தான் உட்கார வைப்பார்கள். நடுவில் ஸ்டூல், அதன்மேல் கைக்குட்டை மூடிய ஏதோ ஒன்று. இவர் சுற்றிச் சுற்றி நடக்கிறார். குடை ஒன்றுதான் குறை.

கைக்குட்டையை எடுத்தார். மைக்ரோமீட்டர்.

"வெள்ளிக்கிழமை ஆறரைக்கு இது ஜன்னல் பலகையில அநாதையா கிடந்தது. நான்தான் எடுத்து என் டிராயர்ல வச்சேன்."

ஐந்து நாள். ஐந்து நாள் அவர் டிராயரில். நான் சோறு இறங்காமல், சாமி வந்தவள் வீட்டு வாசலில் அடி வாங்கப் பார்த்துக்கொண்டு. இரண்டு பேர் கை தட்டினார்கள். அவர்களை மறக்க மாட்டேன்.

"முனுசாமி மெஷின்ல இல்லேங்கறது எனக்கு அப்பவே தெரியும். என் கேள்வி அது இல்ல. ஆள் இல்லாம கார்டு எட்டு மணிக்கு எப்படி அடிச்சது?" மெதுவாக ஒவ்வொரு முகமாகப் பார்த்து என்னிடம் வந்து நின்றார். "பேரைச் சொல்லிட்டா, உன் லெட்டர் அதே டிராயர்ல கையெழுத்தோட இருக்கு. இப்பவே தர்றேன்."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்திருக்கப் போகிறார் என்று தெரிந்தது. அவருடைய மூன்று பெண்களும் ஒரே துணியில் தைத்த பாவாடையோடு பொங்கலுக்கு வந்தது ஏன் அப்போது ஞாபகம் வந்ததோ.

நான் முந்திக்கொண்டேன். "நான்தான் சார் அடிச்சேன். படத்துல பாதிலேயே எழுந்து ஓடி வந்து, வேலி ஏறி, எட்டு மணிக்கு அடிச்சேன். படம் ஒம்பது மணிக்குத்தானே முடியுது. கடைசிய நான் பாக்கவே இல்ல. வெளியில யாரோ அம்மன் வந்தான்னு சொன்னத நம்பி உங்ககிட்ட சொல்லிட்டேன்."

வரதன் தொடையைத் தட்டினார். அவ்வளவு சந்தோஷம். "அதானே பார்த்தேன். அதனாலதான் முடிவு தப்பா வந்திருக்கு." எல்லாம் பொருந்திவிட்டது அவருக்கு. திங்கட்கிழமை உண்மையைச் சொன்னேன், பொய் என்று எழுதினார். இன்று பொய், அதற்குத் தலையாட்டுகிறார்.

எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். "படம் முடியும் முன்னரே, மனைவியைக் கொட்டகையில் தனியே விட்டுவிட்டு வெளியேறினேன்." மனைவி விஷயம் அவராகச் சேர்த்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

தண்டனை: ப்ரொபேஷன் இன்னும் ஒரு வருடம். டிராயரில் இருந்த லெட்டரை என் கண் முன்னால் நாலாகக் கிழித்தார். போகும்போது தோளில் கை போட்டு, "கொலைகாரன் யாருன்னு சொல்லட்டுமா?" என்றார்.

வேண்டாம் சார் என்றேன்.

13.8, வியாழன்

வேலைக்குப் போனேன். மத்தியானம் அண்ணன் தன் குழம்பு மீனை எடுத்து என் டப்பாவில் வைத்தார். சாப்பிட்டேன்.

15.8, சனி

லீவு. கம்பெனியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்திருப்பார்கள், போகவில்லை.

காலையில் பென்னலூர். வீட்டைச் செங்கல் சூளைக் கணக்குப்பிள்ளைக்கு விட்டாயிற்று. திண்டுக்கல் பூட்டு தொங்குகிறது.

திரும்பி வந்தபோது மல்லிகா கோணிப்பையில் கட்டி வைத்திருந்த பாத்திரங்களை அவிழ்த்து அண்ணி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊரில் யாரோ முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள். உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னேன். வேலி, கார்டு, டோக்கன், நோட்டு, டிக்கெட் கிழிப்பவர், சாமி வந்தவள், ஆபரேட்டர், கேண்டீன், கையெழுத்துப் போட்ட காகிதம். ஒன்றையும் மறைக்கவில்லை. ஏகாம்பரம் அண்ணனைக் காப்பாற்றியதைக் கேட்டுக் கொஞ்சம் நல்லதாகச் சொல்வாள் என்று நினைத்தேன்.

டம்ளரைத் துடைத்தபடியே கேட்டாள். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அன்னிக்கு உன் பக்கத்துலயே குந்திகினு நானும்தானே மாமா பாத்தேன். அம்மன் வந்ததுக்கு ஊரெல்லாம் போயி சாட்சி கேட்டியே. என்னைக் கேக்கணும்னு உனக்குத் தோணலியா?"

தோன்றவே இல்லை.