முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம்

ஏங்க, தலையணையைத் தேடாதீங்க. வேலைக்கு என்னோடு எடுத்துப் போகிறேன். மூட்டை இறக்கும் கொட்டகையில் எல்லாரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஆபரேஷன் ஆனதிலிருந்து, வலிக்குதே என்று உங்கள் முழங்காலுக்கு அடியில் அதை வைத்தது நான்தான். அதனால்தான் புது மூட்டு மடங்கினபடியே இறுகிவிட்டது என்று பயிற்சி கொடுக்கும் பெண் நேற்றுச் சொன்னாள். அவள் போனதும் நீங்கள், "உன் பாசந்தான்டி என் காலை முடக்கிடுச்சு" என்றீர்கள். அப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்களுக்கு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டு வலி மாத்திரை போடுங்க. கொஞ்ச நேரம் கழித்து, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு மட்டும் கொடுத்து, காலை நீட்டிப் படுங்க. உயிர் போகிற மாதிரி வலிக்கும். கத்துங்க. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன், ஓடி வர மாட்டார்.

இனி நேராகும் என்று எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் முகத்திலும் அந்த நம்பிக்கை தெரியவில்லை. இருந்தாலும் நீட்டுங்க.

போர்வையைச் சுருட்டி வைக்கலாம் என்று பார்ப்பீர்கள். அதையும் நனைத்துக் கொடியில் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. சாயங்காலம் என்னைத் திட்டுங்க, பேசாமல்கூட இருங்க. என் காலை உன் மடியில் வைத்துக்கொள் என்று மட்டும் கேட்காதீங்க. கேட்டால் வைத்துக்கொள்வேன்.