அலமாரிக்குள் ஓர் அலுவலகம்

அன்புள்ள லைசானி,

நீயும் பிள்ளைகளும் நலந்தானே? முதுகைத் தவிர நானும் நலம்.

பிரிஸ்பேனில் அக்கா வீட்டுத் துணி அலமாரியின் கதவைக் கழற்றி, இஸ்திரிப் பலகையை மேசையாக்கி, அலுவலகம் அமைத்தேன் அல்லவா? நேற்று சித்தப்பா மகன் வைசேயா வந்து, "அண்ணே, இந்த நாற்காலிய எனக்குக் குடேன்" என்றான். நம் ஊர் வழக்கப்படி சொந்தக்காரன் கேட்டால் மறுக்கக் கூடாதாம். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவரிடம் நாற்காலியே இருந்திருக்காது.

கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கணினித் திரையில் மேலாளரம்மா, "உங்க நெத்தி மட்டுந்தான் தெரியுது. வேலை பாக்குறீங்களா, ஒளிஞ்சிருக்கீங்களா?" என்றார். பலகையைத் தாழ்த்தி முகத்தை மீட்டேன்.

தரைதான் சில்லிடுகிறது. நம் வீட்டுப் பாயை அனுப்பு. புதிது வேண்டாம், நீ உட்கார்ந்து தேய்ந்த அந்தப் பழையதுதான் வேண்டும்.

மேலாளரம்மா கூப்பிடுகிறார். பாயை மறந்துவிடாதே. நானும் உனக்குச் சொந்தக்காரன்தான், கேட்டால் மறுக்கக் கூடாது.

உன்
அபெனிசா