பசை கரைக்கும் கை

அனுப்புநர்:
கா. ஆர்த்தி, பி.எஸ்சி. (வேதியியல்),
த/பெ. காசிநாதன் (லேட்),
மேலத்தெரு, குரும்பலூர்,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
பெரம்பலூர்.

பொருள்: ஷாம்பு தயாரிக்கும் கூடத்தில் நுரைப்பசையை வெறுங்கையால் கரைப்பதைத் தடுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் சொல்லத்தான் வந்தேன். என் முறை நெருங்கியதும் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டுத் திரும்பிவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

1. என் தாயார் திருமதி சின்னப்பிள்ளை, எங்கள் ஊருக்கு வெளியே உள்ள ஒரு ஷாம்பு கூடத்தில் வேலை பார்க்கிறார். சிறுவாச்சூர் கோவில் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் சிறு பாக்கெட்டுகள் அங்கு நிரப்பப்படுபவை.

2. நுரை வருவதற்காகச் சோடியம் லாரெத் சல்பேட் என்ற பசை சேர்க்கப்படுகிறது. பீப்பாயில் வருவது எழுபது சதவீதச் செறிவுள்ளது. ஷாம்புவில் அது வெகுவாக நீர்த்துவிடுகிறது. உடனே கழுவியும் விடுகிறோம். எனவே ஷாம்புவின் மீது எனக்குப் புகார் இல்லை.

3. இந்தப் பசை தண்ணீர் ஊற்றியதும் இளகாது. முதலில் இறுகிக் கட்டி கட்டும். மெதுவாகச் சுழலும் இயந்திரத்தில் விட்டால் தானே கரையும். இயந்திரம் பழுதான பிறகு பெண்களே கரைக்கிறார்கள். கம்பங்கூழில் கட்டியை விரலால் நசுக்கிப் பழகிய கைகள் என்பதால் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பசைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் களிதான். கையுறை கொடுக்கப்பட்டது. அதைப் போட்டால் கட்டி தட்டுப்படவில்லை என்று என் தாயாரே கழற்றி வைத்துவிட்டார். இதை மறைக்க விரும்பவில்லை. வேலை முடிந்ததும் அதே பசையைத் தொட்டுத்தான் கை கழுவுகிறார்கள்.

4. தோல் வெடித்து உரிந்ததைக் காட்டியபோது மேற்பார்வையாளர் திரு. தமிழழகன், "ஊரே தலைக்குத் தேய்ச்சுக் குளிக்குது. ஒங்க கைக்கு மட்டும் ஆவாதாக்கா?" என்றாராம். பெண்கள் சிரித்திருக்கிறார்கள், என் தாயாரும். பீப்பாயில் ஆங்கிலத்தில் இருந்த எச்சரிக்கையை நான் தாயாருக்கு விளக்கியபோது, "சோப்பு சாமான்டி அது. அழுக்குதான் போவும்" என்றார். அப்போது சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

5. சென்ற மாதம் ரேஷன் கடைக் கருவி அவருடைய எந்த விரலையும் ஏற்கவில்லை. உடன் வேலை பார்க்கும் குஞ்சம்மாள் வரிசையில் நின்றபடி, "வெரல வூட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்று கேலி செய்தார். என் விரலை வைத்து அரிசி வாங்கிவிட்டோம். ஆகவே அரிசி என் குறையல்ல. அடுத்து விரல் வைத்த குஞ்சம்மாளுக்கும் பலமுறை அழுத்திய பிறகே பதிந்தது. அவர் அதற்குப் பின் கேலி செய்யவில்லை.

6. கூடத்தை மூட வேண்டாம். அந்தப் பெண்களுக்கு வேறு வேலை அருகில் இல்லை. இயந்திரத்தைச் சரிசெய்யவும், கைக்குப் பொருந்தும் மெல்லிய கையுறை தரவும், தோல் மருத்துவர் ஒருவர் வந்து அனைவரையும் பார்க்கவும் ஆணையிட வேண்டுகிறேன்.

இன்னொன்றைத் தயங்கித் தயங்கி இங்கே கொண்டுவந்துவிட்டேன். என் தாயாருக்கு எழுதத் தெரியாது. இம்மனுவுக்குச் சம்மதித்து, கீழே இடது பெருவிரலை வைத்திருக்கிறார். அதில் கோடுகள் இல்லை. மை மட்டும் வட்டமாக இருக்கிறது. சரியாக விழவில்லை என்று மறுபடி வைக்கச் சொல்லாமல், அதை அவருடைய கைரேகையாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இடம்: குரும்பலூர்
நாள்: 13.11.2025

இப்படிக்கு,
கா. ஆர்த்தி

சின்னப்பிள்ளை (இடது பெருவிரல்)